அமெரிக்காவின் வடகிழக்கில் பனியும் மழையும் மாறி மாறி வரும் குளிர்கால வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை, பாஸ்டன், ஆல்பனி, ஹார்ட்ஃபோர்ட், போர்ட்லாந்து போன்ற ஊர்களின் ஏழு நாள் முன்னறிவிப்பில் பனி, மழை, வெயில், கடுங்குளிர் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பது வழக்கம். அப்பகுதியில் புதிதாகக் குடியேறியவர்கள் முதல் குளிர்காலத்தில் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. வெப்பநிலை அமெரிக்க வழக்கப்படி ஃபாரன்ஹீட்டிலும், அடைப்புக்குறிக்குள் செல்சியஸிலும் உள்ளது. நீர் உறையும் நிலை 32 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வடகிழக்கு என்பது எந்தெந்த மாநிலங்களைக் குறிக்கிறது? எல்லா இடத்திலும் ஒரே அளவு பனி பெய்யுமா?

மேயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மாண்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் ஆகிய ஆறும் சேர்ந்து நியூ இங்கிலாந்து எனப்படும். அவற்றுடன் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகியவற்றையும் சேர்த்து வடகிழக்கு என்பது வழக்கு. பனியின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடும். நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 30 அங்குலமும், பாஸ்டனில் 50 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், வெர்மாண்டின் பர்லிங்டனில் 85 அங்குலத்துக்கு மேலும், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் 120 அங்குலத்துக்கு மேலும் பெய்கிறது.

ஒரே வாரத்தில் வானிலை இவ்வளவு மாறுவது ஏன்?

பாஸ்டன் ஏறக்குறைய ரோம் நகரத்தின் அட்சரேகையிலேயே இருக்கிறது. ஆனால் ரோமுக்கு மேற்கே மிதமான கடல் இருக்க, பாஸ்டனுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஒரு கண்டமே இருக்கிறது. இந்த அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், கனடாவின் வறண்ட குளிர்காற்று தடையின்றி இங்கே இறங்குகிறது. தென்கிழக்கில், சில நூறு மைல் தொலைவில், வளைகுடா நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைச் சுமந்து செல்கிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரப்பதம் மேலேறி வருகிறது. இப்படி முற்றிலும் வேறுபட்ட காற்றுகள் நெருங்கி நிற்கும் எல்லையின் மேல்தான், குளிர்காலத்தில் வலுப்பெறும் உயர்வளிமண்டல ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. அதன் அலைகளைப் பற்றிக்கொண்டு தாழ்வழுத்த மண்டலங்கள் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒன்று என்ற கணக்கில் கடந்து செல்கின்றன.

ஒவ்வொரு தாழ்வழுத்தமும் நெருங்கும்போது காற்று தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வீசி வெப்பத்தைக் கொண்டுவரும்; அது கடந்ததும் காற்று வடமேற்குக்குத் திரும்பி வெப்பநிலையைக் கீழே தள்ளும். இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் 32 டிகிரியை நடுக்கோடாகக் கொண்டு நிகழ்வதுதான் வடகிழக்கின் தனித்தன்மை. மினசோட்டாவில் ஜனவரி முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கழிந்துவிடலாம். ஜார்ஜியாவில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேலேயே கழியும். இங்கோ ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை அதைக் கடக்கிறோம். ஆகவே எத்தனை அங்குலம் பனி என்று கேட்பதற்கு முன், வெப்பநிலை எந்த மணிக்கு, எந்தத் திசையில் உறைநிலையைக் கடக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது. இதற்கடுத்த பல விடைகளும் அந்த ஒரு கேள்வியின் விரிவே.

அப்படிப்பட்ட ஒரு வாரம் நடைமுறையில் எப்படி இருக்கும்?

ஒரு மாதிரி வாரத்தைச் சொல்லலாம். திங்கட்கிழமை உயரழுத்தம் தலைமேல் நிற்கும்; வானம் தெளிந்து, விடியலில் 10 டிகிரி (மைனஸ் 12) இருக்கும். செவ்வாயன்று கனடாவிலிருந்து வேகமாக வரும் ஒரு சிறு தாழ்வழுத்தம் இரண்டு அங்குலம் உலர்ந்த பனியைத் தூவிவிட்டுப் போகும். புதனன்று உயரழுத்தம் கடலுக்கு மேல் நகர, காற்று தென்கிழக்குக்கு மாறி, மேகம் மூடும். வியாழன் காலை எல்லா இடத்திலும் பனியாகவே தொடங்குவது, கடற்கரையில் நண்பகலுக்குள் மழையாகவும், உட்பகுதிப் பள்ளத்தாக்குகளில் உறைமழையாகவும் (தொட்ட இடத்தில் உறையும் மழை) மாறும். வடக்கு மலைகளில் மட்டும் இறுதிவரை பனியாகவே நீடிக்கும். வெள்ளியன்று குளிர்முனை (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) கடக்கும்போது 45 டிகிரியில் (7) இருந்த ஊர் சில மணி நேரத்தில் 20 டிகிரிக்கு (மைனஸ் 7) இறங்க, சாலையில் தேங்கிய நீரெல்லாம் கல்லாகும். சனிக்கிழமை வெயிலும் கடுங்காற்றும். ஞாயிறன்று மீண்டும் பனி உருகிச் சொட்டத் தொடங்கும்.

இந்த ஏழு நாட்களில் அதிகத் தொல்லை தருவது வெள்ளிக்கிழமைதான் என்பது என் கருத்து. அன்று பனியே பெய்யாமல் போகலாம். ஆனால் வியாழனன்று பனிக்காகத் தயாரான பலரும் வெள்ளி மாலையில் ஏமாந்துபோகிறார்கள்.

இத்தகைய தலைகீழ் மாற்றத்துக்கு வரலாற்றில் பெரிய எடுத்துக்காட்டு 1888 மார்ச் 11 முதல் 14 வரை அடித்த பெரும்புயல். நியூயார்க்கில் மிதமான வானிலைக்கும் ஞாயிற்றுக்கிழமை மழைக்கும் பின்னர், நள்ளிரவை ஒட்டி வெப்பநிலை சரிய, அது பனியாக மாறியது. நகரத்தில் ஏறத்தாழ 21 அங்குலம் பெய்தது. வடகிழக்கு முழுவதும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தந்திக் கம்பிகள் அறுந்து நகரங்கள் தொடர்பற்றுப் போனதால், கம்பிகளை நிலத்தடியில் புதைக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகே வலுப்பெற்றது. அண்மைக் காலத்தில் 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் மைனஸ் 10 டிகிரி (மைனஸ் 23) பதிவானது. மறுநாளே அது 40 டிகிரியைத் (4) தாண்டியது.

நார்ஈஸ்டர் என்றால் என்ன?

கிழக்குக் கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் வலுவான தாழ்வழுத்தப் புயலே நார்ஈஸ்டர். புயலின் மையம் கடலில் இருக்கும்போது கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் இப்பெயர். நிலத்தின் குளிர்காற்றுக்கும் வளைகுடா நீரோட்டத்தின் வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடே இதன் தீனி. 24 மணி நேரத்தில் மைய அழுத்தம் 24 மில்லிபார் அல்லது அதற்கு மேல் சரிந்தால் அதை வெடிப்பு வளர்ச்சி என்பார்கள்; செய்திகளில் அடிபடும் ‘பாம் சைக்ளோன்’ என்ற சொல் இதையே குறிக்கிறது.

தெற்கு நியூ இங்கிலாந்தின் வானிலையாளர்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருப்பார்கள்: வடக்கு 40 டிகிரி அட்சரேகையும் மேற்கு 70 டிகிரி தீர்க்கரேகையும் வெட்டும் இடம், நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே. புயலின் மையம் அந்தப் புள்ளியை ஒட்டிக் கடந்தால் பாஸ்டனிலும் பிராவிடென்ஸிலும் கடும்பனி எதிர்பார்க்கலாம். அதற்கு மேற்கே, கரைக்கு நெருக்கமாகச் சென்றால், கடலின் வெப்பம் உள்ளே நுழைந்து பனி மழையாகிவிடும். மிகவும் கிழக்கே சென்றால் புயல் கடலோடு போய்விடும்.

1978 பிப்ரவரி 5 முதல் 7 வரை வீசிய புயலை இன்றும் மாசசூசெட்ஸ்காரர்கள் ஆண்டைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். பாஸ்டனில் 27.1 அங்குலம் பெய்தது. நகரைச் சுற்றிச் செல்லும் 128-ஆம் எண் சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்கள் புதைந்து நின்றன. ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் தனியார் வாகனப் போக்குவரத்தையே தடை செய்தார். பனி அடித்தது திங்கட்கிழமை வேலை நேரத்தில் என்பதே அந்தப் பேரிடரின் முக்கியக் காரணங்களில் ஒன்று. காலையில் வானம் அமைதியாக இருந்ததால் மக்கள் முன்னறிவிப்பை நம்பாமல் வேலைக்குப் போயிருந்தார்கள்.

ஆல்பர்ட்டா கிளிப்பர் என்பது வேறா?

ஆம். கனடாவின் ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் பிறந்து, விரைந்து வரும் சிறு தாழ்வழுத்தம் அது. ஈரப்பதம் குறைவு என்பதால் பொதுவாக ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை மட்டுமே பனி தரும். எனினும் கடலை எட்டியதும் அது புத்துயிர் பெற்று வலுப்பதும் உண்டு.

மழை, பனி, ஸ்லீட், உறைமழை ஆகியவை ஒரே நாளில் மாறி மாறி வருவது எப்படி?

இவை எல்லாம் மேகத்தில் பெரும்பாலும் பனியாகவே பிறக்கின்றன. தரையில் வந்து விழும்போது எந்த வடிவில் இருக்கும் என்பதை, இடையில் கடந்துவரும் காற்றடுக்குகள் தீர்மானிக்கின்றன. மேலிருந்து கீழ்வரை உறைநிலைக்குக் கீழே இருந்தால் பனி. நடுவில் வெப்ப அடுக்கு ஒன்று நுழைந்து பனியை உருக்கி, அதன் கீழே தடித்த குளிரடுக்கு இருந்தால், துளிகள் மீண்டும் உறைந்து சிறு பனிக்கட்டி மணிகளாகக் கண்ணாடிச் சன்னலில் கலகலவென்று மோதும்; அதுவே ஸ்லீட். கீழேயுள்ள குளிரடுக்கு மெல்லியதாக இருந்தால், துளி நீராகவே வந்து, தரையையோ கிளையையோ தொட்டவுடன் உறையும். அது உறைமழை.

அப்பலாச்சியன் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்திலும், கனெக்டிகட், மெரிமாக் ஆறுகளின் பள்ளத்தாக்குகளிலும் கனமான குளிர்காற்று தேங்கிவிடும். மேலே வெப்பக்காற்று பாய்ந்து செல்ல, கீழே தேங்கியது எளிதில் விலகாது. கணினி மாதிரிகள் பலமுறை இதைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. எனவே முன்னறிவிப்பு ‘நண்பகலில் மழையாக மாறும்’ என்று சொன்னாலும், பள்ளத்தாக்கில் வசிப்பவர்கள் மாலைவரை உறைமழை நீடிக்கும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

அரை அங்குலம் தடிமனுள்ள பனிக்கட்டி கிளைகளில் படிந்தாலே மரங்களும் மின்கம்பிகளும் முறியத் தொடங்கும். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை கியூபெக், நியூயார்க்கின் வடபகுதி, வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேயின் ஆகிய இடங்களில் விட்டுவிட்டுப் பெய்த உறைமழையால், மேயின் மக்களில் பாதிப்பேருக்கு மேல் மின்சாரம் இழந்தனர். சிலருக்கு அது திரும்ப இரண்டு வாரங்களுக்கு மேலானது. அந்தப் புயலில் பனிக்குவியல் பெரிதாக இல்லை. ஆயினும் எந்தப் பெரும் பனிப்புயலும் அந்த அளவுக்கு மின்கட்டமைப்பைச் சிதைத்ததில்லை எனலாம்.

எங்கள் ஊரில் இரண்டு அங்குலம். இருபது மைல் தள்ளி உள்ள ஊரில் ஓர் அடி. இது எப்படி?

கடலிலிருந்து உள்ள தூரம், நிலத்தின் உயரம் ஆகிய இரண்டும் காரணம். கடல்நீர் டிசம்பரில் இன்னும் 45 டிகிரி (7) அளவில் இருக்கலாம் என்பதால், கிழக்குக் காற்று கரையோரத்தை மட்டும் உறைநிலைக்கு மேலே தூக்கிவிடும். வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் வழியாக மேயின் வரை செல்லும் 95-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு பலமுறை விழுகிறது. துரதிருஷ்டவசமாக மக்கள்தொகையில் பெரும்பகுதியும் அதே கோட்டில்தான் வாழ்கிறது. மாசசூசெட்ஸின் உட்பகுதியில் ஆயிரம் அடி உயரத்திலுள்ள வூஸ்டர் விமான நிலையத்தில் பனி குவியும்போது, பாஸ்டன் துறைமுகத்தில் குடை பிடித்து நடப்பார்கள்.

புயலுக்கு ஐந்து நாள் முன்பு சொல்வதும் முந்தின நாள் சொல்வதும் மாறுபடுகின்றனவே. முன்னறிவிப்பை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதை நம்புவது என்பதைத் தெரிந்து நம்ப வேண்டும். ஐந்து நாட்களுக்கு முன் ‘வியாழனன்று புயல்’ என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘வியாழனன்று பதினான்கு அங்குலம்’ என்பதற்கு அந்த நிலையில் பொருளே இல்லை. புயலுக்குரிய வளிமண்டல அலை அப்போது பசிபிக் கடலுக்கு மேல் இருக்கக்கூடும். அங்கே அளவீடுகள் குறைவு. அது நிலத்தின் மேல் வந்த பிறகு, நாடெங்கும் வழக்கமாக நாளுக்கு இரண்டு முறை பறக்கவிடப்படும் அளவீட்டு பலூன்கள் அதைப் பிடிக்கத் தொடங்கும். அதன்பிறகே புயலின் பாதை குறுகுகிறது.

அப்போதும் புயலின் விளிம்பில் இருப்பவர்களுக்குத் தவறலாம். 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு இரண்டு முதல் மூன்று அடி பனி என்று அறிவிக்கப்பட்டது. வரலாற்றில் முதன்முறையாகப் பனிக்காகவே சுரங்க ரயில் நிறுத்தப்பட்டது. புயல் சில பத்து மைல்கள் கிழக்கே விலகியதால் சென்ட்ரல் பார்க்கில் பத்து அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாகவே விழுந்தது. தேசிய வானிலை சேவையின் ஓர் அலுவலகத் தலைவர் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். அதே புயல் பாஸ்டனில் 24.6 அங்குலமும், வூஸ்டரில் 34.5 அங்குலமும் கொட்டியது. புயலின் பெரும்போக்கைச் சரியாகவே கணித்திருந்தார்கள். அதன் மேற்கு விளிம்பு எங்கே என்பதில்தான் பிழை. அந்த மன்னிப்பு தேவையற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்குல எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டு, அதற்குரிய ஐயத்தைச் சிறிய எழுத்தில் போட்டவர்களே கேட்டிருக்க வேண்டும்.

தேசிய வானிலை சேவை இப்போது ‘குறைந்தபட்சம்’, ‘எதிர்பார்ப்பது’, ‘அதிகபட்சம்’ என மூன்று வரைபடங்களை வெளியிடுகிறது. மூன்றையும் பார்க்கவும். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், உங்கள் ஊர் விளிம்பில் இருக்கிறது.

கண்காணிப்பு, எச்சரிக்கை, ஆலோசனை ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

கண்காணிப்பு அறிவிப்பு என்றால், பெரும்பனி வரும் வாய்ப்பு உண்டு, தயாராகத் தொடங்குங்கள் என்று பொருள். பொதுவாக ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் வெளிவரும். எச்சரிக்கை என்றால் அது வருவது ஏறத்தாழ உறுதி. ஆலோசனை என்பது அளவில் சிறிய நிகழ்வுக்கு உரியது. ஆனால் ஆலோசனை மட்டும் உள்ள நாள் பாதுகாப்பான நாள் என்று கருதக் கூடாது. நூலளவு உறைமழைக்கு ஆலோசனைதான் வெளியிடப்படும், விபத்துகளோ அன்று ஏராளமாக நடக்கும்.

பிளிஸர்ட் (கடுங்காற்றுடன் கூடிய பனிப்புயல்) எச்சரிக்கைக்குப் பனியின் அளவு வரையறையே இல்லை. மணிக்கு 35 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட காற்றும், கால் மைலுக்குக் குறைந்த பார்வைத் தூரமும் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும், அவ்வளவே.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கிலுள்ள பஃபலோவில் பல அடி பனி என்று செய்தி வருகிறது. அதுவும் இதே புயலா?

பெரும்பாலும் இல்லை. ஈரி, ஒன்டாரியோ ஆகிய பேரேரிகளின் உறையாத நீர்மேல் கடுங்குளிர்காற்று நெடுந்தூரம் வீசும்போது, அது ஈரத்தை அள்ளிக்கொண்டு, எதிர்க்கரையில் குறுகிய பட்டையாகக் கொட்டுகிறது. பட்டைக்குள் மணிக்கு மூன்று அங்குலம் விழும்போது, சில மைல்கள் தள்ளி வெயில் அடிக்கும். ஆழம் குறைந்த ஈரி ஏரி பருவத்தின் பிற்பகுதியில் உறைந்துவிட்டால் அதன் பனி அடங்கும்; ஆழமான ஒன்டாரியோ பெரிதும் உறைவதில்லை என்பதால், அதன் கிழக்கிலுள்ள டக் ஹில் மேட்டில் பருவம் முழுவதும் பனி தொடரும். 2022 டிசம்பர் 23-இல் தொடங்கிய பஃபலோ பேரிடரில் கடும்புயலும் ஏரிப்பனியும் ஒன்றாகச் சேர்ந்தன. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒரே அளவு பனியை வாரும்போது ஒருநாள் எளிதாகவும் ஒருநாள் முதுகு ஒடியும்படியும் இருப்பது ஏன்?

பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஓர் அங்குல நீர் கிடைக்கும் என்பது பொதுக்கணக்கு. அக்கணக்கில் 30 சென்டிமீட்டர் பனி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ. உறைநிலையை ஒட்டிப் பெய்யும் ஈரப்பனியில் அது 60 கிலோவரை போகலாம். கிளிப்பர் தரும் உலர்பனியில் 20 கிலோவுக்கும் குறைவு. எனவே பனி மழையாக மாறும் என்று முன்னறிவிப்பு சொன்னால், மாறுவதற்கு முன் ஒருமுறை வாரிவிடுங்கள். மழையைக் குடித்து, பிறகு வெள்ளிக்கிழமைக் குளிரில் உறைந்த பனியை மண்வாரியால் அசைக்க இயலாது. குளிரில் கனமான பனியை வாருவது மாரடைப்பைத் தூண்டுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. இதயநோய் உள்ளவர்கள் அதை வேறொருவரிடம் விடுவதே முறை.

சாலையில் உப்புப் போட்ட பிறகும் வழுக்குகிறதே?

சாதாரணச் சாலை உப்பு ஏறத்தாழ 15 டிகிரிக்குக் (மைனஸ் 9) கீழே வலுவிழக்கும். மேலும், பனிக்கு முந்தின நாள் தெளிக்கும் உப்புக்கரைசல், புயல் மழையாகத் தொடங்கினால் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் அத்தகைய நாட்களில் முன்கூட்டியே தெளிக்க மாட்டார்கள். பாலங்கள் அடியிலும் குளிர்காற்று படுவதால் முதலில் உறையும். ஈரமாகத் தெரியும் சாலையில், முன்னே செல்லும் வண்டியின் சக்கரங்கள் நீரைத் தெறிக்கவில்லை என்றால் அது நீரில்லை, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.

வெப்பநிலை 10 டிகிரி என்கிறார்கள். ‘உணர்வது மைனஸ் 9’ என்றும் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

உடலுக்குக் காற்றுக்குளிர் எண்ணை, அதாவது ‘உணர்வது’ என்று சொல்லப்படுவதைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் காருக்கும் உண்மை வெப்பநிலையைப் பாருங்கள். காற்று வெப்பத்தை விரைவாக உறிஞ்சுமே தவிர, எந்தப் பொருளையும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் காற்றுக்குளிர் மைனஸ் 108 டிகிரியாகப் (மைனஸ் 78) பதிவானபோதும், அங்கே உண்மை வெப்பநிலை மைனஸ் 47 (மைனஸ் 44) தான்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறையாமலிருக்க, கடுங்குளிர் இரவில் குழாயை மெல்லச் சொட்ட விடலாம். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்கலாம். கூரைப்பனி வீட்டின் வெப்பக்கசிவால் உருகி, ஓரத்தில் மீண்டும் உறைந்து அணைபோல் தடுத்தால், பின்னால் தேங்கும் நீர் கூரைக்குள் இறங்கும். நீண்ட கைப்பிடியுள்ள கூரைவாரியால் ஓரத்துப் பனியை இழுத்துவிடுவது இதைக் குறைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது கார்பன் மோனாக்சைடு. பனியில் புதைந்த காரின் புகைப்போக்கியைத் தோண்டி எடுக்காமல் எஞ்சினை இயக்கக் கூடாது. வீட்டுச் சூடேற்றியின் புகைவழி பக்கச் சுவரில் இருந்தால், அதன்முன் குவிந்த பனியையும் அகற்ற வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது.

இப்படி உருகி உறையும் வானிலையால் யாருக்காவது நன்மை உண்டா?

மேப்பிள் பாகு காய்ச்சுவோருக்கு உண்டு. இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் 40 டிகிரியை ஒட்டியும் இருக்கும் நாட்களில்தான் சர்க்கரை மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் வெர்மாண்டில் அந்த வேலை மும்முரமாக நடக்கும். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு.

கடுங்குளிர் இரண்டு நாள் நீடித்துவிட்டது. வார இறுதியில் குளத்துப் பனிக்கட்டியின்மேல் நடக்கலாமா?

இரண்டு நாள் குளிர் போதாது. நடப்பதற்குக் குறைந்தது நான்கு அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பதே பரவலான வழிகாட்டுதல். பனி கலந்து வெண்மையாக உறைந்ததற்கு அதில் பாதி வலிமைதான் என்பதால், அதைப்போல் இருமடங்கு தடிமன் தேவை. மேலே பனி மூடியிருந்தால் அது போர்வையாகி, கீழே உறைவதை மெதுவாக்கும். நடுவில் ஒருநாள் மழை பெய்திருந்தால் பழைய கணக்கு செல்லாது. துளையிட்டு மீண்டும் அளக்க வேண்டும். நீர் உள்வரும் வாய்க்கால், மதகு, ஆற்றோட்டம் உள்ள இடங்களுக்கு எந்தத் தடிமனும் உறுதியில்லை. அங்கே கால் வைக்காதீர்கள்.